புள்ளியும் வெட்டுப்புள்ளியும்: மறைந்திருக்கும் திறமை பற்றிய சிறுவர் படநூல்கள்

எங்கட ஊர்களில் 'புள்ளி' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. பேனை முனை தாளில் பட்டால் விழுவதும் புள்ளி, பரீட்சையில் கிடைப்பதும் புள்ளி. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஒரு பிள்ளையை நிறுத்தி 'எத்தின புள்ளி?' என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பாடத்துக்கு, எந்தத் தவணைக்கு என்றுதான் திருப்பிக் கேட்கும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் இந்தச் சொல் இன்னும் கனத்துப் போகிறது. இருநூறுக்கு எத்தனை, மாவட்ட வெட்டுப்புள்ளி எத்தனை, அதற்கு மேலா கீழா? ஒரு புள்ளி குறைந்த பிள்ளையின் வீட்டில் அடுப்பு எரிந்தாலும் அன்று அது மையத்து வீடு போலத்தான் இருக்கும்.

சில காலத்துக்கு முன் கல்முனைக்குடியில் உறவுக்கார வீடொன்றுக்குப் போயிருந்தேன். நாலாந்தரம் முடித்த மகன் மாதிரி வினாத்தாள் கட்டோடு மேசையில் இருந்தான். விடை எழுதுவதற்கு விட்டிருந்த இடத்திலும் ஓரங்களிலும் தோணி, வலை, கரைவலை இழுக்கும் ஆட்கள் என்று கீறி வைத்திருந்தான். கயிற்றை இழுக்கும்போது ஆட்களின் முதுகு வளையும் விதம் அச்சொட்டாக இருந்தது. "கிறுக்கிக் கிறுக்கிப் பேப்பரையெல்லாம் நாசமாக்கிறான். நீங்களாவது சொல்லுங்க மாமா" என்றார் அவனுடைய உம்மா. முப்பது வருடம் படிப்பித்தவன் என்ற தோரணையில் நானும், "உம்மா சொல்றதக் கேளு மனே, முதல்ல கணக்கு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன். அந்தக் கோடுகளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறுத்தியது.

அந்த உறுத்தலோடுதான், மறைந்திருக்கும் திறமை என்ற பொருளில் சிறுவர்களுக்காக வெளிவந்த படநூல்களைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அவை எவ்வாறு அமைந்திருக்கின்றன, எமது கரையோரத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் அவற்றில் என்ன கிடைக்கும் என்பதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் படநூல் என்றால் என்ன என்பதில் ஒரு தெளிவு வேண்டும். படம் போட்ட புத்தகமெல்லாம் படநூல் ஆகாது. எமது பாடநூல்களிலும் சிறுவர் கதைத் தொகுதிகளிலும் கதை முழுவதும் எழுத்திலேயே இருக்கும். படம் அதற்கு அலங்காரம். அதை எடுத்துவிட்டாலும் கதையில் எதுவும் குறையாது. படநூலில் பாதிக் கதை படத்திலேதான் இருக்கிறது. பிரித்தானிய ஓவியர் பற் ஹச்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'றோசிஸ் வோக்' இதற்கு நல்ல உதாரணம். அந்நூலில் மொத்தமே 32 ஆங்கிலச் சொற்கள். றோசி என்ற கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு இராச்சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. எழுத்தில் அவ்வளவுதான். படத்திலோ, கோழிக்குப் பின்னால் ஒரு நரி வந்துகொண்டே இருக்கிறது. வாரியில் மிதிக்கிறது, குளத்தில் விழுகிறது, மாவு மூட்டை கொட்டி அதில் மூழ்குகிறது. எழுத்தில் நரி என்ற சொல்லே கிடையாது. வாசித்துக் காட்டும் உம்மாவோ வாப்பாவோ எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, எழுத்துத் தெரியாத பிள்ளைதான் முதலில் 'நரி, நரி' என்று கத்தும். அந்த ஒரு கணத்தில் வீட்டில் யார் கெட்டிக்காரர் என்பது தலைகீழாகிவிடுகிறது.

இத்தகைய நூல்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான். பெரிய தாளை மடித்து மடித்து வெட்டினால் 8, 16, 32 என்றுதான் பக்கம் சேரும் என்பது அச்சகக்காரருக்குத் தெரியும். தலைப்புப் பக்கம், பதிப்பு விபரம் போக, கதைக்கு மிஞ்சுவது பதினாலு பதினைந்து விரிப்புகள். ஆகவே எதை எழுத வேண்டும், எதைக் கீற வேண்டும், எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்ப வைக்க வேண்டும் என்பதெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்யும் வேலை. சின்னப் பிள்ளைப் புத்தகம்தானே என்று நினைப்பவர்கள் ஒரு முறை செய்து பார்க்கட்டும்.

இனி நான் சொல்ல வந்த புள்ளிக்கு வருகிறேன். அமெரிக்கரான பீற்றர் எச். ரெய்னோல்ட்ஸ் 2003இல் எழுதிக் கீறிய 'த டொட்' என்ற நூலின் பெயருக்கே புள்ளி என்றுதான் அர்த்தம். வஷ்டி என்ற சிறுமி. சித்திர பாடம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். இவளுடைய தாள் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. எங்கட பாஷையில் சொன்னால் 'எனக்குக் கீற ஏலா டீச்சர்' என்ற நிலை. டீச்சர் ஏசவில்லை. வெறுந்தாளைக் குனிந்து பார்த்து, பனிப்புயலுக்குள் நிற்கும் வெள்ளைக் கரடியோ என்று பகிடி விடுகிறார். பிறகு, ஏதாவது ஓர் அடையாளம் இட்டுப் பார், அது உன்னை எங்கே கொண்டுபோகிறது பார்ப்போம் என்கிறார். வஷ்டி கோபத்தில் பேனையால் ஒரு குத்துக் குத்துகிறாள். ஒரு புள்ளி. டீச்சர் அதை எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடு என்கிறார். கீறத்தான் தெரியாது, பெயர் எழுதத் தெரியுமே என்று போட்டுக் கொடுக்கிறாள்.

அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தால், டீச்சரின் மேசைக்கு மேலே தங்க நிறச் சட்டத்துக்குள் அந்தப் புள்ளி தொங்குகிறது. இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பினால் வஷ்டியின் முகம் மாறியிருக்கும். இதைவிட நல்ல புள்ளி எனக்குப் போட ஏலும் என்று நிறப்பெட்டியைத் திறக்கிறாள். சிறிய புள்ளிகள், பெரிய புள்ளிகள், இரண்டு நிறம் கலந்த புள்ளிகள், கடைசியில் சுற்றிவரத் தீந்தை பூசி நடுவில் வெறுமையாக விட்ட புள்ளி. பாடசாலைக் கண்காட்சியில் ஒரு சின்னப் பையன் வந்து, எனக்கு அடிமட்டம் வைத்தாலும் நேர்கோடு கீற வராது என்கிறான். வஷ்டி ஒரு தாளைக் கொடுத்துக் கீறச் சொல்கிறாள். அவனுடைய கோடு நெளிகிறது. அவள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, தயவுசெய்து கையெழுத்துப் போடு என்கிறாள். நூல் அந்த இடத்தோடு முடிகிறது.

இந்நூலைப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டும் நூல் என்றுதான் பொதுவாக அறிமுகப்படுத்துவார்கள். நான் இரண்டாம் முறை வாசித்தபோது வேறொன்று பட்டது. முதலில் விழுந்த அந்தப் புள்ளியில் எந்தத் திறமையும் இல்லை. யாரும் குத்தலாம். அதைச் சட்டம் போட்டு மாட்டிய பிறகுதான் திறமை வெளியே வருகிறது. அதாவது டீச்சர் ஒரு திறமையைக் கண்டுபிடித்து அதற்குப் பரிசு கொடுக்கவில்லை. ஒன்றும் தெரியவராத நேரத்திலேயே அந்தப் பிள்ளையின் கைவேலையைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். எமது வழக்கம் இதற்கு நேர்மாறு. முதலில் புள்ளி எடுத்துக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்போம். வாசித்துக் காட்டுபவர் ஒரு பெரியவர் என்பதால், இந்நூல் மடியில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் அந்தப் பெரியவருக்கு வேறொன்றும் சொல்கிறது. இரண்டாவதுதான் கனமான செய்தி என்பது எனது எண்ணம்.

இன்னுமொரு தகவல். ரெய்னோல்ட்ஸ் இந்நூலைத் தனக்கு ஏழாம் வகுப்பில் கணிதம் படிப்பித்த ஆசிரியருக்குச் சமர்ப்பித்திருக்கிறார். சித்திரக்காரனை உசுப்பிவிட்டவர் கணக்கு சேர்! என்னைப் போல 'முதல்ல கணக்கு' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பார்வை என்றால் எந்நேரமும் பிள்ளையின் தலைமேல் நிற்பது என்று யாராவது நினைத்துவிடலாம். அதற்கு மருந்து போன்றது றொபர்ட் கிறவுஸ் எழுதி, பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஹொசே அருவெகோ கீறிய 'லியோ த லேட் ப்ளூமர்'. 1971இல் வந்தது. லியோ ஒரு புலிக்குட்டி. வாசிக்க வராது, எழுத வராது, கீற வராது, பேச்சும் இல்லை. இவனுக்கு என்ன கோளாறு என்று வாப்பாப் புலி கேட்கிறது. ஒன்றுமில்லை, பிந்திப் பூக்கிற பிள்ளை, பொறுமையாக இருங்கள் என்கிறது உம்மாப் புலி. வாப்பா இரவும் பகலும் கண் வைத்துப் பார்க்கிறது. பார்க்கப் பார்க்கப் பூக்கிற அறிகுறியே இல்லை. அப்படி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் பூக்காது என்று உம்மா சொல்ல, வாப்பா ரீவியைப் பார்க்கத் தொடங்குகிறது. ஓரக்கண் மட்டும் பிள்ளை மேலே. அதுவும் நின்ற பிறகு ஒரு நாள் லியோ பூத்துவிடுகிறான்.

ரியூஷன் வகுப்பு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு யன்னலால் எட்டிப் பார்க்கும் வாப்பாமார் எமது ஊர்களில் நிறையப் பேர். அவர்களுடைய பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது லியோவின் வாப்பாவுடைய முதல் வகைப் பார்வை. வஷ்டியின் டீச்சர் பிள்ளையைக் கண்காணிக்கவில்லை, பிள்ளை செய்ததைத்தான் உற்றுப் பார்த்தார்.

திறமை பற்றிய நூல்களில் அடிக்கடி வரும் ஒரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். கதையில் ஒரு பிள்ளை அல்லது மிருகம் எல்லோராலும் ஒதுக்கப்படும். கடைசியில் அதன் விசேட திறமையால் ஊரே காப்பாற்றப்படும், அல்லது அது போட்டியில் வெல்லும். பிறகு எல்லோரும் கைதட்டுவார்கள். தமிழில் வந்த சிறுவர் கதைகளிலும் இந்த அச்சு நிறைய உண்டு. இதில் மறைந்திருப்பது பழைய வெட்டுப்புள்ளிதான். ஊரைக் காப்பாற்றாத பிள்ளைக்கு அக்கதையில் இடமில்லை.

லியோ லியொன்னியின் 'ஃப்றெடெரிக்' (1967) இந்தப் பொறியில் பாதி மாட்டி, பாதி தப்புகிறது. எலிக் குடும்பம் ஒன்று மாரிக்காகச் சோளமும் கோதுமையும் வைக்கோலும் சேர்க்கிறது. ஃப்றெடெரிக் மட்டும் சும்மா இருக்கிறான். கேட்டால், சூரியக் கதிர் சேர்க்கிறேன், நிறம் சேர்க்கிறேன், சொல் சேர்க்கிறேன் என்கிறான். எறும்பும் வெட்டுக்கிளியும் கதையில் வளர்ந்த நமக்கு இந்த இடத்தில் கை குறுகுறுக்கும். மாரியில் சாப்பாடு முடிந்து, கதைக்கவும் ஒன்றுமில்லாமல் எல்லோரும் குளிரில் ஒடுங்கியிருக்கும்போது, நீ சேர்த்தது எங்கே என்று மற்ற எலிகளே கேட்கின்றன. அவன் தன் சொற்களால் வெயிலையும் நிறங்களையும் அவர்களுக்குக் காட்டுகிறான். ராத்தா கூட்டிப் பெருக்கும்போது தங்கச்சி மட்டும் கனாக் கண்டுகொண்டிருப்பது சரியா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு அதற்கு நல்ல பதில் இல்லை. ஆனால் உழைக்கிற நேரத்திலும் அந்த எலிகள் ஃப்றெடெரிக்கைத் துரத்தவில்லை, முறைத்தார்கள், கேட்டார்கள், அவ்வளவுதான் என்பதைக் கவனிக்கலாம்.

சொல் சேர்க்கிறவர்கள் எங்கட மண்ணுக்குப் புதியவர்களும் அல்லர். வயல் காவலிலும் வேளாண்மை வெட்டிலும் அடுப்படியிலும் நின்ற இடத்திலேயே கவி கட்டிய பெண்களும் ஆண்களும் இந்தப் பிரதேசத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத மூத்தம்மாமாரின் கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் திரட்டாமல் விட்டிருந்தால் அவற்றில் பெரும்பங்கு மண்ணோடு போயிருக்கும். கவிகள் வந்து சேர்ந்தன, கட்டியவர்களின் பெயர்கள் வரவில்லை. மருதமுனைத் தறியில் நெய்து இறக்கும் சாரனிலும் சேலையிலும் நெய்தவர் பெயர் இருப்பதில்லை. கரையில் ஒரு புதுக் கோலத்தை மனதிலேயே எண்ணிப் பாவில் ஏற்றிய கை யாருடையது என்று வாங்கிக் கட்டுகிறவருக்குத் தெரியாது. வஷ்டியின் டீச்சர் கையெழுத்துப் போடச் சொன்னதை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது இதுதான்.

எமது நாட்டுக்குள்ளேயே இதற்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது. சிபில் வெத்தசிங்க அம்மையாரை சிங்களப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். 1927இல் காலிக்கு அருகிலுள்ள கிந்தொட்டையில் பிறந்தவர். ஓவியக் கல்லூரியில் படித்தவர் அல்லர். பதினைந்து வயதளவில் அவருடைய சித்திரங்களைத் தகப்பனார் கொழும்பு கலாபவனத்தில் காட்சிக்கு வைக்கிறார். அங்கே வந்த றோயல் ஆரம்பப் பாடசாலைத் தலைமை ஆசிரியர் எச். டி. சுகதபால அவற்றைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, தான் எழுதிய 'நவ மக' ஐந்தாம் தர வாசிப்பு நூலுக்குப் படம் கீறும் வேலையை அந்தச் சிறுமியிடமே கொடுக்கிறார். ஐந்தாம் தரம் என்ற சொல் இங்கே வேறு விதமாக ஒலிக்கிறது, இல்லையா?

அவர் 1956இல் வெளியிட்ட 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன், இலங்கைப் படநூல்களில் முன்னோடியான ஒன்று. குடையையே காணாத ஒரு கிராமத்தவர் பட்டினத்துக்குப் போய் ஆசையோடு குடை வாங்கி வருவார். வழியில் கோப்பி குடிக்கப் போகும்போது வெளியே வைத்த குடை களவு போகும். ஒவ்வொரு முறையும் அதே கதை. கடைசியில் அவர் செய்யும் தந்திரமும் திருடன் யார் என்பதும் வாசித்து அறிய வேண்டியவை. 1980களில் அது ஜப்பானிய மொழியில் வெளிவந்து அங்கும் பாராட்டுப் பெற்றது. அம்மையார் 2020 ஜூலை 1ஆம் திகதி காலமானார். அவருடைய கடைசி வேலைகளில் ஒன்று, ஒரு கதையைத் தொடங்கிவிட்டு முடிவை நாட்டின் பிள்ளைகளிடமே விட்டது. அவர்கள் எழுதியனுப்பியவற்றிலிருந்து 1250 முடிவுகளோடு அந்நூல் கின்னஸ் பதிவில் ஏறியது. ஒரு கேள்விக்கு ஒரே சரி விடை என்று பழகிய பிள்ளைகளிடம் ஒரு கதைக்கு 1250 முடிவு இருக்கலாம் என்று சொன்னவர் அவர். புலமைப்பரிசில் வினாத்தாளிலும் உருவங்கள் வரும். அடுத்து வரும் உருவம் எது என்று கேட்பார்கள். அங்கே படம் என்பது ஒரு விடைக்கான வினா மட்டுமே.

இங்கே ஒரு விடயத்தைத் தொடாமல் போக முடியாது. படநூல் என்றதும் எமது பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு வரும் தயக்கம் உருவம் பற்றியது. உயிருள்ளவற்றின் உருவத்தைக் கீறுவது பற்றிய எச்சரிக்கைகள் ஹதீஸ்களில் உண்டு என்பதையும் அறிஞர்களிடையே இதில் நீண்ட கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உருவம் செய்து பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரில்லாதவற்றையும் செய் என்று இப்னு அப்பாஸ் (ரலி) வழி சொன்னதும் பதிவாகியிருக்கிறது. மறுபக்கம் ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் பற்றிய அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. ஒரு பயணத்திலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் காற்றில் விலகிய திரைக்குப் பின்னால் பொம்மைகளைக் காண்கிறார்கள். நடுவில் துணிச் சிறகு வைத்த ஒரு குதிரை. இது என்ன, அதன் மேலே இருப்பது என்ன, குதிரைக்குச் சிறகா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று பதில் வருகிறது. நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

இதை வைத்துச் சிறுவர் பொம்மைகளுக்கு விலக்களித்த அறிஞர்கள் பலர். அது பின்னர் மாற்றப்பட்டது என்று கருதியவர்களும் உண்டு. அந்த ஆய்வை அதற்குரியவர்களிடம் விடுகிறேன். எனது கவனம் அந்தக் கேள்விகளில் இருக்கிறது. ஒரு பொருளைக் கண்டு, நின்று, இது என்ன என்று மூன்று நான்கு தரம் கேட்டு, வந்த பதிலைக் கேட்டுச் சிரித்த பார்வை அது. கல்முனைக்குடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை.

படத்தோடு கதை சொல்வது எமது நாகரிகத்துக்கு அந்நியமும் அல்ல. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபுக்குக் கொண்டுவந்த 'கலீலா வ திம்னா', நமது பஞ்சதந்திரத்தின் வழி வந்தது. விலங்குகளின் படங்களோடு அது பிரதி செய்யப்பட்டு வந்தது. அல்ஹரீரியின் 'மகாமாத்' நூலுக்கு யஹ்யா அல்வாஸிதீ 1237இல் கீறிய சித்திரங்கள் இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. உருவமே வேண்டாம் என்பவர்களுக்கும் படநூலில் இடமுண்டு. மேலே சொன்ன லியொன்னி, 49 வயதில் தன் முதல் நூலைச் செய்தவர். ரயில் பயணத்தில் பேரப்பிள்ளைகளை அமர்த்துவதற்காக ஒரு சஞ்சிகைப் பக்கத்தைக் கிழித்து, நீலத் துண்டு ஒன்று, மஞ்சள் துண்டு ஒன்று என்று வைத்துக் கதை சொன்னார். அதுதான் 1959இல் 'லிற்றில் ப்ளூ அன்ட் லிற்றில் யெலோ' ஆனது. நூல் முழுக்க நிறத் துண்டுகள்தான். முகமும் இல்லை, கைகாலும் இல்லை. நீலமும் மஞ்சளும் கட்டிப்பிடித்துப் பச்சையாகிவிட, வீட்டுக்குப் போனால் பெற்றோருக்கே அடையாளம் தெரிவதில்லை. நீ எங்கட பிள்ளை இல்லை என்று விடுகிறார்கள். பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு இக்கதையை விளக்கத் தேவையிராது.

எமது கரையோரத்தின் கதைக்கு வருவோம். 1942இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். அவர் வந்தது யுத்தகால உணவு உற்பத்தி வேலைக்கு. நெல்லைப் பார்க்க வந்த மனிதர் பிள்ளைகளைப் பார்த்தார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அந்தப் பார்வையில் பிறந்தது. வசதியற்ற முஸ்லிம் மாணவர்கள் மேற்படிப்புப் படிக்க 1945இல் கொழும்பில் அவர் முன்னின்று தொடக்கிய நிதியத்துக்கும் வித்து இங்கேதான் விழுந்தது. புலமைப்பரிசில் என்ற சொல்லுக்கு அப்போது இருந்த அர்த்தம், பிள்ளையைத் தேடிப் போவது. வடிகட்டுவது பிறகு வந்தது.

இன்னொரு காலமும் எனக்கு நினைவிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் மருதமுனையையும் கல்முனைக்குடியையும் சாய்ந்தமருதையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, முகாம்களில் பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் கொடுத்துக் கீறச் சொன்னார்கள். கறுத்த அலை, சரிந்த தென்னை, மிதக்கும் கட்டில். பெரியவர்கள் சுற்றிவரக் குனிந்து நின்று ஒவ்வொரு தாளையும் பார்த்தார்கள், இது என்ன மகள், இது யார் என்று கேட்டார்கள். எங்கட கரையில் பிள்ளைகள் கீறியதைப் பெரியவர்கள் அவ்வளவு கவனமாகப் பார்த்த காலம் வேறு எனக்குத் தெரியாது. பாடசாலைகள் வழமைக்குத் திரும்பியதும் பென்சில் பெட்டிகள் அலுமாரிக்குள் போய்விட்டன.

தமிழில் படநூல்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் தாரா 1994இலிருந்தும் தூளிகா 1996இலிருந்தும் இத்துறையில் இருக்கின்றன. 2005இல் இலங்கையில் வேலை தொடங்கிய றூம் ரு றீட் அமைப்பு சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்களை அச்சிட்டுப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் கரைவலையும் கைத்தறியும் களப்பும், சுபஹுக்கு எழும்பி ஓதப் போகும் பிள்ளையும், வாப்பா, ராத்தா, மூத்தம்மா என்ற சொற்களும் உள்ள படநூல்களை நாங்கள்தான் செய்ய வேண்டும். ஒரு தறி வீட்டுப் பிள்ளை. வாய்ப்பாடு நிற்காது, ஆனால் பாவில் எத்தனை இழைக்கு ஒரு முறை சிவப்பு வருகிறது என்பது கண்ணை மூடினாலும் தெரியும். எழுத்தில் அவளது கணக்குக் கொப்பியின் கதை போகட்டும், படத்தில் தறியின் கதை போகட்டும். பிள்ளைக்குத் தெரியும், வாசிக்கும் பெரியவருக்குக் கடைசிப் பக்கம் வரைக்கும் தெரியாது. உயிர் உருவம் வேண்டாம் என்றால் நூலும் நிறமும் மட்டும் போதும். இதைக் கீற எமது பாடசாலைகளில் சித்திர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நிறப் பதிப்புக்குச் செலவு பிடிக்கும் என்பது உண்மை. கலியாண மண்டப அலங்காரத்துக்கு நாம் பிடிக்கும் செலவும் எனக்குத் தெரியும்.

அதுவரைக்கும் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நாலு ஏ4 தாளை ஒன்றாக அடுக்கி நடுவால் மடித்து, மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் ஊசி அடித்தால் 16 பக்கப் புத்தகம். முன்பக்கம் தலைப்புக்கு, பின்பக்கம் வெறுமை, மற்ற 14 பக்கமும் கதைக்கு.

அப்படி ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு கல்முனைக்குடிக்கு மறுபடியும் போனேன். பழைய வினாத்தாள்கள் மேசைக்குக் கீழே கிடந்தன. கரைவலை இழுக்கும் படத்தை எடுத்து, இதில் எல்லோரும் கயிற்றைப் பார்க்கிறார்கள், ஓர் ஆள் மட்டும் ஏன் கடலைப் பார்க்கிறார் என்று கேட்டேன். "அது வாப்பா. மடி வருதா எண்டு பாக்கார்" என்றான். பிறகு கேட்காமலே மற்றப் படங்களையும் இழுத்து எடுத்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். உம்மா குசினி வாசலில் வந்து நின்றார். மடித்த புத்தகத்தை அவனிடம் கொடுத்து, இது உன்ட புத்தகம், முன்னுக்குப் பெயரை எழுது என்றேன். பேனையை எடுத்துப் பெயரை முழுமையாக எழுதினான். எழுதிவிட்டுப் பழக்கத்தில் அதற்குக் கீழே சுட்டெண்ணையும் எழுதினான்.